வெள்ளிக்கிழமைச் சத்திரசிகிச்சை

இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரத்துக்கு மேற்படிப்புக்காகப் போய்ச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டிருந்த நான், சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். என் கணவருக்குச் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் வேலை. கல்யாணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், இப்போது நான் இல்லாத வீட்டில் என் உம்மாவோடு இருந்தார். கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் பிள்ளை இல்லை. அதனால்தான் இவளால் இப்படிப் போக முடிகிறது என்று ஊரில் சொன்னார்கள். எனக்கும் அது பிழையாகப் படவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்தே அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்திக்கொண்டிருந்தது. பெனடோல் போட்டுக்கொண்டு படுத்தேன். பிறகு தோள்மூட்டிலும் நோவு வந்தது. இரவு தலையணை சரியில்லாமல் படுத்துவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து குளியலறைக்குப் போனபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தரை குளிர்ந்திருந்தது. நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது.

ஊராக இருந்தால் வாசலில் ஓர் ஓட்டோவை நிறுத்தி, கல்முனை ஆஸ்பத்திரிக்கு விடு என்றால் போதும். இங்கே முதலில் ஒரு டொக்டரிடம் பெயர் பதிய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் முதல் வாரமே சொன்னார்கள். நான் பதியவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

விடுதியில் அடுத்த அறையில் காரைதீவுத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். எங்கள் ஊரும் அவளுடைய ஊரும் ஒட்டினாற்போல் கிடப்பவை. ஆனாலும் அங்கே நாங்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. இங்கேயும் குசினியில் சந்தித்தால் கறியைப் பற்றி இரண்டு வார்த்தை கதைப்போம், அவ்வளவுதான். அவள்தான் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கனநேரமா உள்ளுக்க இருக்கிறீங்க. என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல. வாய்வு போல."

"கதவத் திறங்க."

எட்டிக் கொண்டியை இழுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

"ஆருக்கு எடுக்கிற? அம்பியூலன்ஸ் எல்லாம் வேணாம்," என்றேன். ஊரைக் கூட்டிவிடுவாள் என்ற வெட்கம்தான் அப்போது பெரிதாக இருந்தது.

"அதுக்கு இல்ல. இது ஆலோசனை கேக்கிற நம்பர். என்ன செய்யோணும் எண்டு அவங்க சொல்லுவாங்க."

மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. காரைதீவுப் பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னாள்.

"மாதவிலக்கு கடைசியா எப்ப வந்தது எண்டு கேக்கிறாங்கக்கா."

"தள்ளிப் போயிட்டு. பயணம், குளிர்... அதாலதான்."

"புள்ள ஏதும் தங்கியிருக்குமா எண்டு கேக்கிறாங்க."

"இல்ல."

"தோள்மூட்டு நோகுதா?"

அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். "ஓம்," என்றேன். அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்தப் பெண்ணின் குரலில் இருந்த நிதானம் போய்விட்டது. அசையாமல் படுக்கச் சொன்னாள். எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, வண்டி வருகிறது என்றாள்.

வண்டி சீக்கிரமே வந்தது. அவர்கள் என்னை எழுப்புவதற்கு முன் காரைதீவுப் பிள்ளை என் அறைக்குள் கதிரையில் கிடந்த சால்வையை எடுத்துவந்து தலையில் சுற்றிவிட்டாள். சுற்றத் தெரியவில்லை. காதை மூடிப் பிறகு கழுத்தை மூடி எப்படியோ செய்தாள். போகும் வழியெல்லாம் அம்பியூலன்ஸ்காரரின் ஈரச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பயமாக இருந்ததா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சப்பாத்துதான் நினைவில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் டொக்டர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டொக்டர்கள் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார். எனக்கு முன் காரைதீவுப் பிள்ளை ஓம் என்றாள். ஆளென்று யாரும் வரவில்லை. போனை ஒலிபெருக்கியில் போட்டு மெத்தையில் வைத்தார்கள். அதில் எங்கோ இருந்த ஓர் இந்தியப் பெண், "வணக்கம் அம்மா," என்றார்.

டொக்டர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அது எனக்கு ஆங்கிலத்திலேயே விளங்கிவிட்டது. போனில் இருந்தவர் அதை இரண்டாக்கிச் சொன்னார்.

"உங்களுக்குக் கரு உண்டாகியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார்."

பிறகு ஏதோ சொல்லைத் தேடுபவர் போலக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடைவெளியில் நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தேன்.

"ஆனால் அது கர்ப்பப்பையில் இல்லை. குழாயில் இருக்கிறது. குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிகிறது. உடனே ஆபரேஷன் செய்து குழாயோடு அகற்ற வேண்டும்."

காரைதீவுப் பிள்ளை என் கையைப் பிடித்தாள். நான் டொக்டரிடம், "கணவரிடம் கேட்க வேண்டும்," என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

"உங்கள் சம்மதம் போதும். நேரம் அதிகம் இல்லை," என்றார் அவர்.

ஊரில் அப்போது பின்னேரம், ஜும்ஆத் தொழுகை முடிந்திருக்கும். கணவருக்குத் திரும்பத் திரும்ப எடுத்தாள் அந்தப் பிள்ளை. மணி போய்க்கொண்டே இருந்தது. பள்ளிவாசலுக்குப் போகும்போது சத்தத்தை அமர்த்தியவர், திரும்பி வந்து சோறு தின்றுவிட்டு அப்படியே தூங்கிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. உம்மாவுக்கு எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம். உம்மாக்கு பிரஷர்."

டொக்டரைப் பார்த்துச் செய்யுங்கள் என்றேன். பல் பிடுங்கச் சொல்வது போலத்தான் சொன்னேன்.

கண் விழித்தபோது வேறு அறை. காரைதீவுப் பிள்ளை அதே உடுப்போடு இருந்தாள். போனை என் காதில் வைத்தாள். மறுமுனையில் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"நீ எப்பிடி இரிக்காய்?"

"இரிக்கன் மச்சான்."

பின்னணியில் நாய் குரைத்தது கேட்டது. வீட்டுக்கு வெளியே நின்று பேசுகிறார் என்று விளங்கியது.

"உம்மாட்ட அப்பெண்டிஸ் எண்டு சொல்லுவமா?" என்றார்.

"சொல்லுங்க."

அதன் பிறகு அவர் அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்ல வேண்டியது நானா அவரா என்று விளங்கவில்லை. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, தாதி கொண்டுவந்த தேநீரைக் குடித்தேன்.

படிப்பை முடித்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் உம்மா என் அப்பெண்டிஸ் கதையைச் சொன்னார். அந்நிய நாட்டில் தனியே கிடந்து வெட்டுப்பட்டு வந்திருக்கிறாள் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். கேட்டவர்கள் என் பக்கம் திரும்பி, "சரி, படிச்சது போதும். இனி ஒரு புள்ளயப் பெத்துக்க மகள்," என்பார்கள். ஓம் என்பேன். யாருடைய கதையையோ கேட்பது போல இருக்கும்.

ஒரு வருடம் போனது. ஒன்றும் தங்கவில்லை. ஒரு நாள் உம்மாவே என்னைக் கூட்டிக்கொண்டு கல்முனையில் ஒரு பெண் டொக்டரிடம் போனார். டொக்டர் வயது, மாதவிலக்கு எல்லாம் கேட்டுவிட்டு, தலை நிமிராமலே, "முதல்ல ஏதும் தங்கினதா?" என்றார்.

உம்மா எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"ஓம்," என்றேன் நான். "ஒண்டு. குழாயில தங்கினது. குழாய எடுத்திட்டாங்க."

உம்மா திரும்பி என்னைப் பார்த்தார். டொக்டர் மற்றக் குழாயைப் பற்றி, எடுக்க வேண்டிய ஸ்கேனைப் பற்றி, பிள்ளை தங்க இன்னும் இடமிருக்கிறது என்பதைப் பற்றியெல்லாம் சொன்னார். நான் தலையாட்டினேன். உம்மாவும் தலையாட்டினார்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறினோம். சந்தை தாண்டியதும் உம்மா, "உன்ட மச்சானுக்குத் தெரியுமா?" என்றார்.

"ஓம்."

"அண்டைக்கே தெரியுமா?"

"ஓம் உம்மா."

அவர் அழுவார் என்று காத்திருந்தேன். அவர் அழுதால் எனக்கும் வரும் என்று ஒரு நினைப்பு. உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்து ஓட்டோக்காரரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, பள்ளம் பாத்து மெதுவா விடு மனே," என்றார்.