பூனைப்பருந்தின் வயிற்றில் இருந்தது

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் சீழும் ரத்தமும் துடைத்த நர்ஸம்மாவுக்கு எதைப் பார்த்தும் குமட்டியதில்லை. ஓய்வு பெற்றதும் ஏரிக்கரையில் இருந்த சின்ன இயற்கை அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பார். குளிர்காலம் வந்தால் ஞாயிறு காலைகளில் ஊர்க்காரர்களுக்குப் பறவை காட்டுவார். தையல்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று இருபது பேராவது தொலைநோக்கிக்கு முண்டியடிப்பார்கள்.

அந்த வருஷம் அருங்காட்சியகம் நடத்திய புகைப்படப் போட்டியில் அவருடைய தம்பிக்கு முதல் பரிசு. பூனைப்பருந்து ஒன்று கால்களை நீட்டி, கேமராவை நோக்கிப் பாயும் படம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார்.

பரிசு கொடுத்த நான்காம் நாள் ஏரி நாணலுக்குள் ஒரு பருந்து செத்துக் கிடந்தது. இடது சிறகில் ஓர் இறகு குறைந்திருந்தது, படத்திலும் அப்படித்தான். அலகோரம் நைலான் நூல் தொங்கியது. பின்னறை மேசையில் வைத்து வயிற்றைக் கீறினார். பாதி செரித்த வெள்ளெலி. அதன் பின்னங்காலில் இறுக்கி முடிந்த நூல், பருந்தின் குடலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பியை வரவழைத்தார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். எலியைக் குச்சியில் கட்டி வைத்தால்தான் பருந்து கேட்ட இடத்தில் இறங்கும், பரிசுப் படத்துக்கும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான், படமெடுக்கிற எல்லாரும் செய்வதுதான் என்றான்.

“உயிரோடயா கட்டின?”

“செத்ததுன்னா துடிக்காதேக்கா. ஒரு எலிக்குப் போய் இவ்வளவா?”

நர்ஸம்மா தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தார்.

வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், சத்தமில்லாமல் புதைத்துவிடலாம் என்றார் அருங்காட்சியகச் செயலாளர். தம்பி தலையாட்டினான். இரண்டு பேரையும் பார்க்கவே நர்ஸம்மாவுக்குக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தின் கீழே ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. உள்ளே எலியும் நூலும். பக்கத்தில் நர்ஸம்மா கைப்பட எழுதிய சீட்டு: ‘இந்தப் படம் இப்படித்தான் எடுக்கப்பட்டது.’

தையல்காரர் இரண்டு முறை படித்தார். தபால்காரர் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். செயலாளர் அருங்காட்சியகச் சாவியைத் திருப்பிக் கேட்டார். நர்ஸம்மா மேசைமேல் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் ஏரிக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். அன்று யாரும் பறவை பார்க்கவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கி, படமெடுப்பவர்கள் எலி கட்டிவிட்டுப்போய் நாணலில் சிக்கியிருந்த நூல்களை வெட்டி எடுத்தார்கள். ஒரு சாக்கு நிறைந்தது.

தம்பி மனைவி சாப்பிடக் கூப்பிட்டு அனுப்பினாள். தம்பி கை பட்ட சோறு தொண்டையில் இறங்காது என்று சொல்லி அனுப்பினார் நர்ஸம்மா.