முன்னால் தள்ளினால் பின்னால் வந்த வண்டி

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், காலை 10.40. மைசூருக்கு வெளியே ஓர் ஏரி. நிலத்திலும் நீரிலும் ஓடும் எங்கள் மின்சார வண்டி இறங்கி மிதந்தது. த்ராட்டிலை முன்னால் தள்ளினேன். வண்டி பின்னால் வந்து கரையில் முட்டியது.

வெள்ள மீட்புக்கு வண்டி பார்க்க வந்த அதிகாரி சிரித்தபடி கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏன் சார், அதுக்குத் தண்ணின்னா பயமா? மூணு மணி வரைக்கும் இருப்பேன், ஆய்த்தா?"

அவர் வேண்டாம் என்றால் திட்டத்தையே மூடுவதாக எங்கள் முதலாளி முன்பே சொல்லியிருந்தார். என் இரண்டு வருட வேலை அது.

வண்டியைக் கரையேற்றி லாக் புக்கைத் திறந்தேன். ஒரு போல்ட்டை இறுக்கினாலும் தேதி, நேரத்தோடு எழுதுவது என் பழக்கம். கடைசி டேங்க் டெஸ்டில் வண்டி முன்னால்தான் போயிருக்கிறது. அதற்குப் பின் எந்த மாற்றமும் இல்லை. லேப்டாப்பில் பார்த்தால் இரு மோட்டார்களும் டிராயிங்கில் உள்ளபடியே சுற்றின. சென்சாரைச் சந்தேகித்தேன், ஒயரைச் சந்தேகித்தேன், கடைசியில் என்னையே சந்தேகித்தேன். 12.15க்கு வேறு வழி தெரியாமல் கன்ட்ரோலரில் இரு மோட்டார்களின் திசையையும் மாற்றினேன். வண்டியின் பின்புறம் ஃபிட்டர் பழனிசாமி ஸ்பானர் போடும் சத்தம் கேட்டது. என்ன செய்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

1.05. மறுபடி தண்ணீர். மறுபடி பின்னால்.

எந்தப் பக்கம் சுற்றினாலும் பின்னாலேயே தள்ளும் ப்ரொப்பெல்லரை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"திசையை மாத்தியும் இப்படியே போகுதே, பழனிசாமி!"

பழனிசாமி விழித்தார். "நீங்களும் மாத்துனீங்களா? நானும் மாத்திட்டனுங்களே!"

"என்னத்தை?"

"ப்ரொப்பெல்லரைங்க. பூசைக்கு ரெண்டையுங் கழட்டிக் கழுவிப் பொட்டு வெச்சனுங்க. மாட்டறப்ப இடது வலது மாறிப்போச்சு. இப்பத்தான் பாத்துச் சரி பண்ணுனேன்."

இரண்டும் எதிரெதிராகச் சுற்றுபவை; இறகுகளின் முறுக்கும் எதிரெதிர். இடம் மாறினால் இரண்டும் பின்னால்தான் தள்ளும். அவர் சரிசெய்ததை நான் கெடுத்திருக்கிறேன்.

"லாக் புக்ல எழுத ஏன் சொல்லலை?"

"பொட்டு வெக்கறது வேலைங்களா சார்?"

கன்ட்ரோலரைப் பழையபடி மாற்றினேன். 2.20க்கு வண்டி ஏரியின் நடுவரை போய்த் திரும்பியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு மேலதிகாரியோட வரேன். அதுவரைக்கும் பூஜை கீஜை பேடா, வேண்டாம்!"

இப்போது எங்கள் லாக் புக்கில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருவர் கையெழுத்திடுகிறோம். குங்குமம் வைக்கக் கழற்றினாலும் பதிவு உண்டு. அன்று மாலை பூஜை நாளின் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில் ஒரே வரி: "விடுமுறை. வண்டியை யாரும் தொடவில்லை."