அண்ணனை எடுத்தபோது வெடி ஏன் வேண்டாமென்றேன்

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் அவர் படத்துக்குக் கீழே ‘போர் வீரர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அப்படிச் சொன்ன வாய் ஒன்றுகூட இந்த ஊரில் இல்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான் சொல்ல, என் மகள் எழுதியிருக்கிறாள். எதையும் நயமாக மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது நாரணாபுரத்தில். அப்பா காட்டு வேலைக்குப் போனார். அம்மா வெடி கம்பெனியில் பட்டாசுக்கு மருந்து அடைத்தார். ஒரு நாள் சாயங்காலம் அம்மாவுக்குக் கையில் வெடி பட்டுவிட்டது. வண்டி கிடைக்கவில்லை. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்து, முதல் பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று விரல் போயிற்று, உயிர் தப்பியது. பிள்ளைக்கு இந்தப் பிழைப்பு வேண்டாமென்று அண்ணனைப் பட்டாளத்துக்கு அனுப்பியதும் அம்மாதான்.

இலங்கையில் சண்டை நடந்தபோது, இங்கிருந்து போன பட்டாளத்தோடு அண்ணன் யாழ்ப்பாணம் போனார். அவர் நின்ற காவல் சாவடியில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். துப்பாக்கியைவிட அவர் நாக்குக்குத்தான் அங்கே வேலை அதிகம்.

திரும்பி வந்தவரை ஊர் என்ன செய்தது? டீக்கடையில் ஒருவன், “என்னண்ணே, அங்கன எம்புட்டுப் பேரைச் சுட்டீக?” என்று இளித்தான். இன்னொருவன் நம் ஆட்களையே சுட்டுவிட்டு வந்தவன் என்று காறித் துப்பினான். வெடி கம்பெனி வேலைக்குப் போகாமல் காலண்டர் அச்சகத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்ததும், வெடிக்குப் பயந்த பட்டாளத்தான் என்று பட்டப்பெயர் வைத்தீர்கள். அண்ணன் ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. இன்று மாலையோடு வந்து நிற்பவர்களில் யார் யார் அப்படிப் பேசியவர்கள் என்று எனக்குத் தெரியும்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், கஞ்சி கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்.

யாழ்ப்பாணம் போன முதல் வாரம். பொழுது சாய்கிற நேரம், ஊரடங்கு. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் காவல் சாவடிக்கு வந்திருக்கிறார். “தம்பி, என்ர பிள்ளைக்கு வெடி பட்டிட்டுது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக விடுங்கோ” என்றாராம். அண்ணனுக்கு எங்கள் அம்மாவின் கைதான் கண்ணில் வந்தது. பட்டாசுக் காயம், காலைவரை தாங்கும் என்று அதிகாரியிடம் இந்தியில் சொல்லிவிட்டார். விடிந்ததும் வரச் சொல் என்று உத்தரவாயிற்று. அந்த ஊரில் வெடி பட்டது என்றால் குண்டு பட்டது என்று அர்த்தம். அது அண்ணனுக்குத் தெரியாது.

காலையில் தள்ளுவண்டியில் பிள்ளையைப் பிணமாகக் கொண்டு வந்தார் அந்த அம்மாள். அண்ணனைப் பார்த்து, “வெடி எண்டால் உங்கட ஊரில என்ன தம்பி?” என்று கேட்டார். பட்டாசு என்று அண்ணன் சொன்னார்.

“குடுத்து வைச்ச சனம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

இதைச் சொன்ன அன்றே அண்ணன், “என்னைய எடுக்கும்போது வெடி போடக் கூடாது, தங்கச்சி. ஏன்னு கேட்டா சொல்லு, கேக்காட்டி விட்டுரு” என்றார்.

வெடி கூடாதென்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை. அண்ணனை வைத்த பாடைத் தேர் தெருமுனைக்கு வந்தபோது, காரியாபட்டியிலிருந்து வந்த சித்தப்பா மகன் பத்தாயிரம் வாலா பட்டாசுச் சரத்தை ரோட்டில் விரித்துக்கொண்டிருந்தான். “வெடி ஊருல பொறந்த மனுசனை வெடியில்லாம எடுத்தா ஊரு சிரிக்கும். நீங்க செத்த சும்மா இருங்கக்கா” என்றான். நான் அந்தச் சரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“கொளுத்துலே. என்னையும் சேத்துக் கொளுத்து.”

கொட்டு நின்றுவிட்டது. மதினிதான் பக்கத்தில் வந்து, “எதுக்கு வேண்டாம்னாக? எங்கிட்டக்கூடச் சொல்லலையே” என்று கேட்டார். நடுரோட்டில் உட்கார்ந்தபடியே அத்தனையும் சொன்னேன். அண்ணன் மகன் என்னைக் கைபிடித்து எழுப்பிவிட்டு, குனிந்து சரத்தைச் சுருட்டினான். அண்ணன் சத்தமில்லாமல் போனார்.

கிழவி நடுத்தெருவில் உட்கார்ந்து குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று இன்றும் பேசுகிறீர்கள். பேசுங்கள். செத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் என்னை ரோட்டில் உட்கார வைத்துத்தானே கொடுத்தீர்கள்?

கடைசி மூன்று மாதம் அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஆஸ்பத்திரிக்கு அழைத்தபோதெல்லாம் முகம் சுளிக்காமல் வந்த கம்பெனி வேன் டிரைவருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரின் பின்பக்கத்தில் நம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டிருக்கிறோம். அந்த யாழ்ப்பாணத்து அம்மாளின் பிள்ளை பெயரையும் அதில் போடச் சொல்லியிருப்பேன். அந்தப் பெயரை அண்ணன் அன்றைக்குக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.