மேஜையில் உப்பு வைக்காதவர்

கேரட்டை நடுவில் ஒடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். கண்ணை மூடி ஒரு மூச்சு. தலை லேசாக ஆடினால் கேரட் தேறிவிட்டது என்று அர்த்தம். அடுத்து குடைமிளகாய். அதற்குக் காம்புப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என்று இரண்டு மூச்சு. தக்காளியை மோந்துவிட்டு, "இது லாரியில பழுத்தது, செடியில இல்ல" என்பார். அந்தத் தக்காளியைக் கொண்டுவந்த வியாபாரி இரண்டடி தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். மறுத்துப் பேசமாட்டார். தக்காளிக்கும் பானையில் இடம் உண்டு. திட்டு வாங்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

காய்கறிச் சந்தையின் பின்வாசலை ஒட்டி ஆறு மேஜைகளோடு அவருடைய சின்னக் கடை. காலையில் டீ, ரொட்டி, முட்டை. பத்து மணிக்கு சூப். அந்த சூப்பை வைத்துத்தான் சந்தை முழுக்க அவருக்கு 'சூப்பக்கா' என்று பெயர். அவரைவிட இருபது வயது பெரிய கீரைக்காரம்மாகூட 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அந்த முறைப்படி பார்த்தால், பின்கட்டில் தட்டு கழுவும் அவருடைய கணவர் ஊருக்கே மாமா. மாமா ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். முதுகு போனதும் வண்டியை விட்டுவிட்டுத் தட்டுக்கு வந்துவிட்டார்.

நான் சந்தையில் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுகிறவன். கிராம் சுத்தமாகப் பேச வேண்டும் என்ற வியாதி எனக்கு உண்டு. இந்த வியாதியோடு ஒருவர் ஒரே கடையில் பதினொரு வருஷமாகச் சாப்பிடுகிறார் என்றால், அந்தக் கடையில் விஷயம் இருக்கிறது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்டு, பூந்தொட்டி வைத்து ஒரு கஃபே வந்திருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்தேன். என் செருப்பில் இருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

சூப்பக்காவின் கடையில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதல் சட்டம் கூடை. வாசற்படிக்கு உள்ளே ஒரு பிரம்புக் கூடை இருக்கும். விடியற்காலை சரக்கு இறக்கிவிட்டு டீக்கு வரும் வியாபாரிகள் ஆளுக்கு ஒன்று, அவரவர் கடையிலிருந்து, அதில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். பூசணிக்காரர் ஒரு கீற்று, கீரைக்காரம்மா ஒரு கட்டு, உருளை அண்ணன் ஒரு கிழங்கு. கூடையில் விழுந்தது எதுவானாலும் அன்றைய பானைக்குப் போகும். தன் இஷ்டத்துக்கு அக்கா ஒன்றையும் சேர்க்கவும் மாட்டார், கழிக்கவும் மாட்டார். ஆகவே இன்றைய சூப் நாளைக்கு இருக்காது. என்னைப் போல விற்க எதுவும் இல்லாதவர்களுக்குக் கூடையிலிருந்து விலக்கு உண்டு.

இரண்டாவது சட்டம் உப்பு. இந்தக் கடையின் எந்த மேஜையிலும் உப்புக் குப்பி கிடையாது. புதிதாக வந்த ஒருவர் விவரம் தெரியாமல் ஒருமுறை கேட்டுவிட்டார். அக்கா கரண்டியும் கையுமாக வெளியே வந்து, "ஏங்க, நான் போட்டது பத்தலன்னு சொல்றீங்களா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். வந்தவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அக்காவின் உப்பு ஜாடி அடுப்புக்கு வலது பக்கம், சாப்பிடும் இடத்தையும் அடுப்பங்கரையையும் பிரிக்கும் பலகைக்கு அந்தப் புறம் இருக்கும். அதை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. பானையின் மூடியும் அப்படித்தான்.

மோந்து பார்க்காமல் அந்த மனுஷி எதையும் நம்பியதில்லை. புதுத் துடைப்பத்தை மோப்பார். ரசீதுப் புத்தகத்தை மோப்பார். ஒரு தடவை என் குடையை வாங்கி ஓரமாக வைக்கும்போது முகத்தைச் சுருக்கி, "நேத்து நனைஞ்சது இன்னும் காயல சார். வீட்ல விரிச்சு வைக்கலயா?" என்றார். என் வீட்டிலேயே அதை யாரும் கவனிக்கவில்லை. மழை வரப்போவதை அரைமணி முன்னாலேயே சொல்லிவிடுவார். சந்தைக்காரர்கள் ரேடியோவை நம்பாமல் அவர் பேச்சைக் கேட்டுத் தார்ப்பாய் இழுப்பார்கள்.

இந்த வருஷம் மழை தொடங்கியதும் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் கடை பூட்டியிருந்தது. பத்தாம் நாள் திறந்தது. கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி அதே புடவைச் செருகல், அதே விறுவிறுப்பு, கூடையிலிருந்து கேரட்டை எடுத்து அதே மூச்சு. அப்பாடா என்று உட்கார்ந்து சூப்பை வாயில் வைத்தேன். கரித்தது.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல் அக்கா" என்றேன், பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படியாக. அக்கா வந்தார். இன்னொரு கரண்டி எடுத்து என் கிண்ணத்திலிருந்தே வாயில் விட்டார். பிறகு இன்னொரு முறை. "ஆமா சார், கை தவறிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு உறுத்தியது அந்த இரண்டாவது வாய். கடல் தண்ணீர் மாதிரி இருந்த ஒன்றை இரண்டு தடவை ருசி பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கு வரும்?

அடுத்த வாரம் சூப் சப்பென்று இருந்தது. அதற்கடுத்த நாள் மறுபடி கரித்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக உருளை அண்ணனும் பூசணிக்காரரும் போடும் சண்டைகூட நின்றுவிட்டது. எல்லோரும் சமர்த்தாகக் கிண்ணத்தைக் காலி செய்தோம். அக்கா பலகைக்குப் பின்னால் நின்று, முதல் வாய் வைக்கும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கழுவப் பின்கட்டுக்குப் போனபோது மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளியே போச்சுன்னா என்னைக் கொன்னுடுவா."

காய்ச்சலோடு அக்காவுக்கு வாசனையும் போய்விட்டது, ருசியும் போய்விட்டது. டாக்டர், வரும், ஆனால் வராமலும் போகலாம் என்று இரண்டு பக்கமும் சொல்லி அனுப்பிவிட்டார். கேரட்டை ஒடித்து மோப்பதெல்லாம் எங்களுக்காகப் போடும் வேஷம். ராத்திரி படுத்தபடி அக்கா மாமாவிடம் ஒரு முடிவும் சொல்லியிருந்தார்: இன்னும் ஒரே ஒருத்தர் முகம் சுளித்தாலும் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிடுவாராம். பரிதாபப்பட்டுச் சாப்பிட இது என்ன ஆஸ்பத்திரியா என்று கேட்டாராம்.

"நீங்க ருசி பார்த்துச் சொல்லக்கூடாதா மாமா?" என்றேன்.

"நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாளே. இருபத்தாறு வருஷமா எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னவன் நான். எனக்கு நிஜமாவே எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு, நான் என்ன பண்றது?"

அவர் கண் கலங்கியிருந்தது. சோப்பு நுரைக் கையால் துடைத்துக்கொள்ளப் போய் இன்னும் மோசமாயிற்று. நான் அன்று பூராவும் எந்தத் தராசிலும் முத்திரை நேராகப் போடவில்லை. முதலில் உப்பைப் பற்றிப் பேசியவன் நான்தானே? அடுத்த சுளிப்பும் என் முகத்தில்தான் வரும் என்று பயமாக இருந்தது. சூப் நன்றாக இல்லாவிட்டால் என் முகம் பொய் சொல்லாது. அது என் சாபம்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். (மாமா என்னிடம் மட்டும் சொன்ன ரகசியம்தான். மனைவி கணக்கில் வரமாட்டாள்.) அவள் காய் நறுக்கியபடியே, "இதுக்கா இவ்வளவு கவலை? உப்பு கூடினா ஒரு உருளைக்கிழங்கைப் போட்டா அது இழுத்துக்கும்" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. அக்காவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். கூடையில் விழுந்தது பானைக்குப் போகும், அதுதானே சட்டம். கூடுதலாக ஒரு கிழங்கு கூடையில் விழுந்தால் போதும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை உருளை அண்ணனிடம் போய் ஒரே ஒரு கிழங்கு கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், காலையிலேருந்து ஆளாளுக்கு ஒத்தைக் கிழங்கு கேக்கறீங்க? உங்க ஆபீசுலயும் சமையல் போட்டியா?" என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கிழங்கைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய், யாரும் பார்க்காத சமயம் பார்த்துக் கூடையில் நழுவவிட்டேன். மேலே ஒரு துணி மூடியிருந்தது. நானும் அதை அப்படியே மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு அக்கா கூடையைத் தூக்கினார். வழக்கத்தைவிடக் கனம் போலிருக்கிறது, இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். நடு மேஜையில் வைத்துத் துணியை எடுத்தார். பிறகு கூடையை மேஜை மேல் கவிழ்த்தார்.

அத்தனையும் உருளைக்கிழங்கு. மேஜையிலிருந்து உருண்டு தரையில் விழுந்து, என் கால்வரைக்கும் வந்தன. நடுவில் ஒரே ஒரு பீட்ரூட். பீட்ரூட்காரர் மாமியார் வீட்டுக்குப் போயிருந்து அன்று காலைதான் திரும்பியவர். எல்லோரும் அவரைப் பார்த்ததும், "நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்றார் பாவம்.

தக்காளிக்காரர் கூரையைப் பார்த்தார். கீரைக்காரம்மா முந்தானையில் ஏதோ தேடினாள். உருளை அண்ணன் கீழே குனிந்து, உருண்ட கிழங்குகளைப் பொறுக்குகிற சாக்கில் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் அவரே ஒப்புக்கொண்டார், வழக்கமான ஒன்றுக்குப் பதிலாக அன்று நான்கு போட்டிருந்தாராம்.

அக்கா ஒரு கிழங்கை எடுத்தார். கை பழக்கத்தில் மூக்கை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. கிழங்கை மெதுவாக மேஜையிலேயே வைத்துவிட்டார்.

"யாரு சொன்னது?" என்றார்.

இருபது தலைகளும் பின்கட்டுப் பக்கம் திரும்பின. அங்கே தட்டு கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. மாமா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"நான் ஊரெல்லாம் சொல்லல. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்."

சிரிப்பு வந்தும் யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எங்களைப் பார்த்து, "தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் வந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

கீரைக்காரம்மா முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். சந்தையில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. அன்று அவள் குரல் தாழ்ந்துதான் வந்தது. "கரிச்சா ரெண்டு டம்ளர் தண்ணி கூடக் குடிச்சுட்டுப் போறோம். நீ கடையைப் பூட்டிட்டா நாங்க எங்கக்கா போய்க் காலை நீட்டி உக்கார்றது?"

அக்கா கிழங்குகளை மறுபடி கூடையில் அள்ளினார், பீட்ரூட்டோடு சேர்த்து. பலகையைத் தாண்டி அடுப்பங்கரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கத்தியின் சத்தம் கேட்டது. தோல் சீவுகிறார் என்று தெரிந்ததும் கடையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. வியாபாரம் அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் என்று இரண்டாவது டீயும் மூன்றாவது டீயும் வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆவி பானையிலிருந்து வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தோம். பீட்ரூட்காரருக்கு நடந்ததையெல்லாம் தக்காளிக்காரர் காதோடு காதாகச் சொல்லி முடித்தார்.

பத்து மணிக்கு அக்கா பலகைக்குப் பக்கத்தில் வந்து, "தராசு சார்" என்று கூப்பிட்டார். எழுந்து போனேன். கரண்டியில் கொஞ்சம் சூப். ஒரு சொட்டும் சிந்தாமல் கீழே உள்ளங்கையைக் குழித்துப் பிடித்திருந்தார். ரோஜா நிறத்தில் இருந்தது. ஊதிக் குடித்தேன். கடை முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமா பின்கட்டு வாசலிலிருந்து, சொல்லு சொல்லு, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கும் அதைச் சொல்லத்தான் ஆசை. இத்தனை கிழங்கும் சேர்ந்து இருந்த உப்பையெல்லாம் வாரி விழுங்கியிருந்தது.

"உப்பு பத்தல அக்கா" என்றேன். "ரெண்டு சிட்டிகை போடணும்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, அடுப்புக்கு வலது பக்கம் இருந்த ஜாடியை எடுத்துப் பலகைக்கு இந்தப் புறம் என் முன்னால் வைத்தார். பானையின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆவியில் முகம் நனைய, நான் போடுவதற்காகக் காத்து நின்றார்.