சொந்தக்காரர் இல்லாத தீவு

எங்கள் விடுமுறை என்றால் பாரிஸில் மாமி வீடு, இல்லாவிட்டால் ஜெர்மனியில் சித்தப்பா வீடு. இந்த முறையாவது சொந்தக்காரர் இல்லாத இடத்துக்குப் போவது என்று முடிவெடுத்தோம்.

இன்று லண்டன் இல்ஃபோர்டில் ரயில் ஏறியதும் என் கணவர் போனில் ஒரு கடற்கரை ஹோட்டலைக் காட்டினார். மால்டாவுக்குப் பக்கத்தில் கோசோ என்ற சின்னத் தீவு.

"நல்ல அமைதியாம். முக்கியமா, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

தமிழ்தானே, யாருக்கு விளங்கப்போகிறது என்று சத்தமாகவே சொன்னார். தெருவுக்குத் தெரு தமிழர் இருக்கிற இல்ஃபோர்டில்!

எதிர் இருக்கையில் இருந்த ஓர் அம்மா நிமிர்ந்தார்.

"ஓம் தம்பி, நல்ல இடம். போன வருஷம் நாங்கள் பதினெட்டுப் பேர் போனனாங்கள். ரைஸ் குக்கரைக் கொண்டு போங்கோ."

பிறகு என்னைப் பார்த்து, "ஊரில எவடம் பிள்ளை?" என்றார்.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

ஸ்ட்ராட்ஃபோர்ட் வருவதற்குள் அவர் பாரிஸ் மாமிக்குச் சம்பந்தி முறையாகிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மாமியிடமிருந்து மெசேஜ்: "கோசோவுக்கு எப்ப வெளிக்கிடுறம்?"

வேறு தீவு தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் மட்டும் சொல்லுங்கள். கமெண்டுகளையும் மாமி வாசிப்பார்.