முப்பத்தாறு நாள் பாய்

எனக்கு எழுபத்து மூன்று வயது. கல்யாணம் முடித்து நாற்பத்து நான்கு வருடம். மனைவியின் விரதங்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை; வெள்ளி போனால் சனி வரும். சென்ற வருடம்தான் அவள் புதிதாகக் கேதாரகௌரி விரதம் பிடித்தாள். அது இருபத்தொரு நாள்.

கலண்டரைப் பார்த்தேன். நவராத்திரி ஒன்பது. அது முடிந்த மறுநாள் கேதாரகௌரி. அது தீபாவளி அமாவாசையோடு முடிய, அடுத்த நாளே கந்தசஷ்டி ஆறு. நடுவில் ஒரு நாள்கூட விட்டுவைக்கவில்லை. மூன்று தரம் கூட்டினேன். முப்பத்தாறுதான். விரத நாளில் புருஷனும் மனைவியும் சேர்ந்து படுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. கட்டில் அவளுக்கு. விறாந்தையில் பாய் எனக்கு.

"அம்பாள் இந்த விரதம் பிடிச்சது சிவனோட ஒரே உடம்பாகிறதுக்கு. நீ பிடிச்சு என்னை விறாந்தைக்கு அனுப்புறாய். இது என்ன ஞாயம்?"

"இஞ்சாருங்க, பேரப்பிள்ளைகள் ஏழு. வாயப் பாருங்க."

ஆறு. ஏழாவது இன்னும் பிறக்கவில்லை.

ஐந்தாம் நாள் முதுகு பிடித்தது. பதினோராம் நாள் காலை கோயிலுக்குப் போய், பாய் கட்டாயமா என்று ஐயரைக் கேட்டேன். முன்பு என்னிடம் கணக்குப் படித்தவர்.

"சேர், உங்கட வயசில இந்த விதியெல்லாம் தேவையில்ல. கட்டில்லயே படுங்க. என்ன நடக்கப்போகுது?"

பூ கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருவருடைய தோளும் குலுங்கியது.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்த நானூற்றுப் பன்னிரண்டு அடியும் அந்த "என்ன நடக்கப்போகுது" என் பின்னாலேயே வந்தது. அம்பாளுக்கு முன்னால் வைத்து என்னை ஒரு தலையணையோடு சேர்த்துவிட்டாரே!

மனைவியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"ஐயருக்கு உங்களப் பத்தி என்ன தெரியும்?"

"அப்ப?"

"அப்ப என்ன, பாய்தான். உங்கள நம்ப ஏலா."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது.

மீதி இருபத்தாறு இரவும் நான் முனகவில்லை. அதுவரை பின்வளவில் உலர்த்திய பாயை மறுநாள் காலையிலிருந்து முன்வேலியில் போட்டேன். ஐயர் பூசைக்குப் போவது அந்த வழியால்தான். நான்கு நாள் அவர் கவனிக்கவில்லை. பாயை றோட்டுப் பக்கமாக ஒரு முழம் இழுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன சேர், நான்தான் பாய் தேவையில்ல எண்டு சொன்னேனே?"

"நீங்க சொன்னீங்க ஐயா," என்றேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி. "என்ட மனிசி தேவை எண்டு சொல்றா."