வேங்கிக்காலிலிருந்து நாகர்கோவிலுக்கு: எண்பது மீட்டர் ஏரியல் கட்டப் போன கதை

திருவண்ணாமலைக்கு எல்லாரும் சாமி கும்பிடப் போவார்கள். நான் 1998 ஜனவரியில் ஒரு ஏரியலைப் பார்க்கப் போனேன். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ பைத்தியம் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம். எண்பது மீட்டர் போன்ற தாழ்ந்த அலைவரிசைக்கு ஏரியல் கட்ட நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். மற்றவர்கள் ஊருக்காகப் படியுங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் தேவசகாயம் என்று ஒரு நண்பர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், கண் பார்வை கிடையாது. வேங்கிக்காலில் கஸ்தூரி, கலெக்டர் ஆபீசில் வேலை. தினமும் காலை ஆறரைக்கு இருவரும் எண்பது மீட்டரில் சந்திப்பார்கள். கஸ்தூரி முந்தைய நாள் சேதிகளைச் சொல்வார், தேவசகாயம் ஒவ்வொன்றையும் கிண்டலடிப்பார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கங்கே உட்கார்ந்து ஓசியில் சிரிப்போம்.

கஸ்தூரி குடும்பம் கீழ்பென்னாத்தூரில் வயல்காட்டு வீட்டிலிருந்து வேங்கிக்காலில் புது வீட்டுக்குக் குடிவந்தது. அன்றோடு சரி. தேவசகாயத்துக்கு, ஏன் எங்கள் யாருக்குமே, கஸ்தூரி குரல் கேட்கவில்லை. கஸ்தூரிக்கு அவர் குரல் மணியாகக் கேட்கிறது! கஸ்தூரி எனக்குக் கடிதம் போட, நான் குரோம்பேட்டையிலிருந்து வானொலியில் தேவசகாயத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "அவ கேக்கா இல்லியா? அப்ப நான் பேசிட்டே இருப்பேன்" என்றார் மனுஷன். அதன்படியே தினமும் ஆறரைக்குக் கூப்பிட்டு, பதில் வராத பெண்ணிடம் நலம் விசாரித்தார். போனில் பேசலாமே என்று கேட்பவர்கள் பதிவை இத்தோடு மூடிவிடலாம். தேவசகாயம் வீட்டில் போன் இல்லை, இருந்தாலும் அது வேறு, இது வேறு. ஒரு வாரம் அதைக் கேட்டேன், தாங்கவில்லை, பஸ் ஏறிவிட்டேன்.

தாம்பரத்தில் விடியற்காலை பஸ். திண்டிவனம், செஞ்சி வழி, சுமார் நூற்று எழுபது கிலோமீட்டர், நாலரை மணி நேரம். டிக்கெட் அப்போது நாற்பது ரூபாய்க்குள். செஞ்சியில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள், அங்கே சாப்பிட்ட இட்லியைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் மூன்று நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் என் கையிலிருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கரண்ட் ஆபீஸா சார்? எங்க தெருவுல வோல்டேஜ் ரொம்ப கம்மி சார்" என்று வழிநெடுகப் புகார் கொடுத்தார்.

கஸ்தூரியின் கணவர் சேகர், வேர்க்கடலை வியாபாரி, வாசலிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். "மலைதான் மறைக்குது சார். நாகர்கோயில் அந்தாண்ட இருக்குது, நம்ம இந்தாண்ட இருக்கோம்." இந்த அலைவரிசை வானத்தில் ஏறி, மோதி, இறங்குவது. மலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சொன்னேன், அவர் நம்பவில்லை.

கம்பி இழுக்க இடம் போதாததால், கொல்லையில் பத்து மீட்டர் இரும்புக் குழாயை நட்டு, அடியில் ஒரு சுருள் சுற்றி, தரையில் எர்த் கம்பி அடித்திருந்தார் கஸ்தூரி. அத்தனையும் அவரே செய்தது, வேலை சுத்தம். என் மீட்டரை மாட்டினேன். ஏரியல் ஏற்காமல் திருப்பி அனுப்பும் சக்தியை அது காட்டும். ஊசி அப்படியே அடிக்கோடான ஒன்றில் படுத்துக் கிடந்தது, திரும்பி வருவது ஒன்றுமில்லை என்று அர்த்தம். என் வீட்டு ஏரியலில்கூட இப்படிப் படுத்ததில்லை.

"ஏரியல் ஃபர்ஸ்ட் கிளாஸ்மா. பெட்டியிலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு, அவருடைய பத்து வாட் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி மதியம்வரை குடைந்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கஸ்தூரி மோர் கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க சார். குழாய் அடியில தண்ணி ஊத்தினா என் மீட்டர்ல ஊசி கொஞ்சம் ஏறுது. நல்லா இருந்தது கெட்டுப்போச்சேன்னு ஊத்தறதையே வுட்டுட்டேன். ஆனா அன்னிக்கு மட்டும் நம்ம கூட்டத்துல இருக்கற சேலத்துக்காரர் 'யாரோ லேசா கேக்குறாங்க'ன்னு சொன்னாரு சார்."

அட! எனக்கு மண்டையில் உறைத்தது. வேங்கிக்கால் மண்ணுக்கு அடியில் பாறை. எர்த் சரியாகப் பிடிக்காமல், பத்து வாட்டில் ஒன்பது தரையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரவில்லை என்பதால் ஊசிக்குத் திருப்தி. வெளியே போனதா என்று ஊசிக்குத் தெரியாது! தண்ணீர் ஊற்றியதும் தரையில் நஷ்டம் குறைந்தது, ஏரியலின் பொருத்தம் மாறியது, அதனால் ஊசி ஏறியது. ஊசியை நம்பி, அவர் உருப்படியான காரியத்தை நிறுத்திவிட்டார். என்ன கவனிப்பு பாருங்கள்! நானாக இருந்தால் தண்ணீர் ஊற்றியதையே மறந்திருப்பேன்.

"அப்ப எர்த்தே வேணாம் சார். கீழ்பென்னாத்தூர்ல கட்டுன மாதிரி கம்பியா இழுத்துடலாம்" என்றார் கஸ்தூரி. நாற்பது மீட்டர் கம்பியை நடுவில் குழாய் உச்சியில் தூக்கி, இரண்டு பக்கமும் கூரை மாதிரி சரித்துக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் காலி மனையில் வேப்பமரம். மறுபக்கம் பக்கத்து வீட்டு ரேவதியின் மாடி.

ரேவதி இடுப்பில் கை வைத்துக் கேட்டார். "டி.வி.ல கோடு கீடு வந்துச்சுன்னா அறுத்துப் போட்ருவேன், ஆமா. எப்ப பேசுவீங்க?"

"காத்தால ஆறரை. அரை மணி நேரந்தான்க்கா" என்றார் கஸ்தூரி.

"அப்ப நான் கோலம் போட்டுனு இருப்பேன். கட்டிக்கோ போ."

கம்பியை நீளமாகவே கட்டி, இரு முனையிலும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினோம். சாயங்காலத்துக்குள் ஊசி ஒன்று புள்ளி ஆறில் நின்றது. எனக்குக் கை பரபரத்தது, இன்னும் கொஞ்சம் நறுக்கினால் இறங்கும். கஸ்தூரி கட்டிங் பிளேயரைப் பிடுங்கிக்கொண்டார். "போதும் சார். நாகர்கோயில்ல கேக்கணும், ஊசிக்கு இல்ல." இந்தப் பெண்ணை நினைத்து இன்றைக்கும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு மனசு வராது. செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் நூற்றைம்பது ரூபாய்க்கு அறை எடுத்தேன், சுத்தமாக இருந்தது. பௌர்ணமியை ஒட்டிப் போனால் அறையும் கிடைக்காது, பஸ்ஸும் கிடைக்காது. பாறை மண்ணில் குழாய் நடுவதென்றால் சுற்றிலும் தரையில் நிறையக் கம்பி பரப்புங்கள், இல்லையேல் எங்களைப்போல் கம்பியாக இழுத்துக் கட்டுங்கள். மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்று நிறுத்திவிடாமல், எட்ட இருப்பவர் காதில் விழுகிறதா என்று கேளுங்கள்.

மறுநாள் ஆறு மணிக்கே அங்கே போய்விட்டேன். ஆறரைக்கு தேவசகாயம் வழக்கம்போல வந்தார். கூப்பிட்டார், மழை இல்லை என்றார், சர்ச்சில் புது ஆர்மோனியம் வாங்கியதைச் சொன்னார், பிறகு பழக்கத்தில் பதிலுக்காக இடைவெளி விட்டார். கஸ்தூரி மைக்கின் பொத்தானை அழுத்தினார். பேச வாய் வரவில்லை. அழுத்திய விரலை எடுக்கவும் மாட்டேன் என்கிறார். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. சேகர், "பேசேன்!" என்று முதுகில் தட்டினார். கஸ்தூரி பயந்துபோய் பொத்தானை விட்டுவிட்டார்.

பெட்டியிலிருந்து தேவசகாயத்தின் குரல், மகளிடம் பேசுவதுபோல மெதுவாக.

"யாரோ மைக்கப் பிடிச்சுட்டுப் பேசாம இருக்காவ. பின்னால குக்கர் விசில் கேக்கு. கஸ்தூரி, நீதானே மக்களே? இத்தன நாளும் நான் பேசுனேன், நீ கேட்டே. இன்னைக்கு நீ பேசு, நான் கேக்கேன்."

கஸ்தூரி பேச ஆரம்பித்தார். குக்கரை சேகர்தான் இறக்கி வைத்தார்.